இரண்டு சீரியல் நேரத்துக்கு ஓர் ஆறு

வில்பட்டிக்கு அப்பால் ஓர் ஆறு இருக்கிறது. ஆள் பார்க்கப் போனால் அது ஓடாது. மூஞ்சிக்கல் டீக்கடையில் இந்தச் சேதி என் காதில் விழுவதற்குள் அது பலர் வாயில் புகுந்து புறப்பட்டு நன்றாகச் சதை போட்டிருந்தது. ஆற்றுக்கு வெட்கம் என்றார் ஒருவர். வெளியூர்க்காரனைக் கண்டால்தான் நிற்கும், உள்ளூர்க்காரன் போனால் ஓடும், அது தன்மானமுள்ள ஆறு என்றார் உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்திருந்த இன்னொருவர். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் மட்டும் விஞ்ஞானத்தின் பக்கம் நின்றார்.

"செல்போன் கதிர் பட்டா தண்ணி மண்ணுக்குள்ள போயிரும்ங்க. எங்க மச்சினன் கண்ணால பாத்திருக்கான்."

மச்சினன் பார்த்திருக்கிறான் என்ற பிறகு மேற்கொண்டு சாட்சி கேட்பது மரியாதை இல்லை. ஆனால் அன்று சனிக்கிழமை. கொடைக்கானலில் சனிக்கிழமை சும்மா இருப்பவன் ஏரியைச் சுற்றி நடக்கலாம். அல்லது ஏரியைச் சுற்றி நடக்கும் கூட்டத்தைச் சுற்றி நடக்கலாம். இரண்டுக்கும் வெட்கப்படுகிற ஆறே மேல் என்று வில்பட்டி பஸ்ஸில் ஏறினேன். அங்கிருந்து ஒரு ஜீப், கேரட் சாக்குகளுக்கு நடுவில் ஒரு சாக்காக. ஜீப் நின்ற இடத்திலிருந்து நடை. ஊரின் பெயர் கோணப்பாறை. ஆற்றின் பெயர் முழங்காலாறு.

முழங்காலாற்றைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். எந்த வரைபடத்திலும் அதன் பெயர் இல்லை. படகுச் சவாரி கிடையாது, பார்வைமாடம் கிடையாது, நுழைவுச்சீட்டு கிடையாது. 'குப்பை போடாதீர்' என்ற பலகை இல்லாததால் குப்பையும் கிடையாது. வளர்ச்சி என்ற சாமான் அந்தப் பக்கம் வந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டு நீல பிளாஸ்டிக் நாற்காலிகள் ஆற்றைப் பார்க்கப் போட்டிருந்தன. நான் போனபோது நாற்காலிகள் இருந்தன. ஆறு இல்லை.

கூழாங்கற்கள் இருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு சொம்புத் தண்ணீர் தேங்கி, அதில் ஒரு நண்டு தனியாகக் குடித்தனம் செய்துகொண்டிருந்தது. கரைமேல் மாடி வைத்த ஒரு சிறிய வீடு. அதன் நெற்றியில் 'கோணப்பாறை ரிவர் வியூ' என்ற பலகை. எழுத்துக்குப் பக்கத்தில் துள்ளும் மீன் ஒன்று. அந்த மீன் உயிரோடு வந்தால் இந்த ஆற்றில் திரும்பிப் படுக்க இடம் போதாது.

வாசலில் நின்றிருந்தவர் என்னைப் பார்த்ததும் வேட்டியை இறக்கிவிட்டார்.

"தங்க வந்தீங்களாங்க, பாக்க வந்தீங்களா?"

"பாக்கத்தான்."

"எதங்க?"

"ஆத்த."

அவர் ஆற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வீட்டுக்குள் பார்த்தார். குரலை இறக்கி, "மெதுவாச் சொல்லுங்க. உள்ள வீட்டுக்காரி இருக்கா. முதல்ல ஒரு காப்பி சாப்பிடுங்க" என்றார்.

அவர்தான் பொன்னுச்சாமி. இனி இது அவர் கதை.

பொன்னுச்சாமிக்கு ஐம்பது வயது இருக்கும். பூண்டு விவசாயம் குலத்தொழில். இல்லாததைக் காட்டுவது சொந்தத் தொழில். இளவட்டமாக இருந்தபோது தூண் பாறையில் பைனாகுலர் வாடகைக்கு விட்டார். அங்கே பாறை இருக்கும் நேரத்தைவிட மூடுபனி இருக்கும் நேரம் அதிகம். மற்ற பைனாகுலர்காரர்கள் பனி விலகட்டும் என்று வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருக்க, பொன்னுச்சாமி பனிக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போவார். "இடது கை ஓரமா ஒசரமா நிக்குதுல்லங்க, அதான் பெரிய தூணு. பக்கத்துல லேசா சாஞ்ச மாதிரி இருக்கிறது ரெண்டாவது. தெரியுதுங்களா?" வெள்ளைவெளேரென்ற பனியைப் பைனாகுலரில் பார்த்துக்கொண்டு, "ஆமா ஆமா, தெரியுது" என்பார்கள் வந்தவர்கள். ஒரு மாமி அந்தப் பாறைக்கு மூக்கு இருக்கிறது என்றுகூடச் சொன்னாராம். எவரும் ஏமாந்து போனதாகச் சொன்னதில்லை. அடித்துச் சொல்கிறேன், பனி விலகிய நாட்களில்தான் புகார் வந்திருக்கிறது.

பிறகு ஏரிக்கரையில் குதிரை ஓட்டினார். அந்தக் குதிரை பாதி வழி போனதும் காரணம் சொல்லாமல் திரும்பிவிடும். அதை அவர் 'ஹாஃப் ரவுண்ட் பேக்கேஜ்' என்று பெயர் வைத்து நடத்தினார். குதிரை ஓய்வு பெற்றதும் அவரும் ஊருக்குத் திரும்பினார். திரும்பியவர் கண்ணில் பட்டது மாடி அறை.

அது பூண்டுக்காகக் கட்டிய அறை. விதைப்பூண்டைக் கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டு, கீழே புகை போட்டுக் காய வைப்பார்கள். பொன்னுச்சாமி பூண்டை எல்லாம் இறக்கிச் சமையலறை உத்திரத்துக்கு மாற்றிவிட்டு, மாடியில் கட்டில் போட்டு, சுண்ணாம்பு அடித்து, ரிவர் வியூ ஆக்கிவிட்டார். அன்றிலிருந்து அவர் மனைவி முருகேஸ்வரி தலைக்குமேல் பூண்டு தொங்க சமைக்கிறார். காற்றடித்தால் ரசத்தில் தானாகவே பூண்டு விழுகிறது.

முருகேஸ்வரி நியாயமான பெண்மணி. கணவருக்கு ஒரே ஒரு கெடு விதித்திருந்தார். காப்பியை என் முன்னால் வைத்துவிட்டு என்னிடமும் அதைச் சொன்னார்.

"இன்னைக்கு வர்ற ஆளு 'ஆறு எங்க'ன்னு திரும்பிப் போனாருன்னா, இன்னைக்கே பூண்டு மாடியேறிரும். கட்டில வித்துருவேன். நீங்க பேப்பர்ல எழுதுறவருன்னாரு. எழுதிக்கங்க."

வரப்போகிற ஆள் பழனிக்காரர், சண்முகராஜ். அடிவாரத்தில் மொட்டை போட்டவர்களின் தலைக்குச் சந்தனம் விற்பவர். ஊர் உலகத்தின் மண்டையைக் குளிர வைக்கிற மனிதர் தன் காலைக் குளிர வைத்துக்கொள்ளலாம் என்று போன மாதம் ஒரு சனி ஞாயிறு இங்கே வந்தார். இரண்டு நாளும் நீல நாற்காலியில் உட்கார்ந்து கூழாங்கற்களைப் பார்த்தார். திரும்பிப் போய் இணையத்தில் ஒற்றை ஸ்டார் போட்டு எழுதினார்: 'அறை நன்று. காப்பி நன்று. நாற்காலி இருக்கிறது. ஆறு இல்லை.'

பொன்னுச்சாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. உடனே போனைப் போட்டு, "மறுபடி வாங்க, சும்மா வந்து தங்குங்க, ஆறு இல்லேன்னா என் பேரு பொன்னுச்சாமி இல்ல" என்று சொல்லிவிட்டார். அதைச் சொன்னபோது முருகேஸ்வரி பின்னால் நின்றதை அவர் கவனிக்கவில்லை. சண்முகராஜ் மறுபடியும் தேர்ந்தெடுத்தது சனிக்கிழமை என்பதையும் அவர் உடனே கவனிக்கவில்லை.

"சனிக்கிழமைக்கு என்ன?" என்றேன்.

"வாங்க, நடந்துக்கிட்டே சொல்றேன். வெரசா நடங்க. அந்தாளு பெருமாள்மலை தாண்டிட்டாரு."

அவர் மேட்டில் ஏற, நான் பின்னால் ஏற, டீக்கடை வதந்தி ஒவ்வொரு அடியிலும் இளைத்தது. முழங்காலாறு அவ்வளவு சின்ன ஆறு. மழை இல்லாத தை, மாசியில் அதன் மொத்தத் தண்ணீரும் ஒரு வயலுக்கே சரியாக இருக்கும். அதனால் முறை வைத்துக்கொண்டார்கள். யாருக்கு முறையோ அவர் தன் வயலுக்கு நேராகச் சாக்கையும், புல்லோடு பெயர்த்த மண்கட்டியான புல்கரணையையும் வைத்து மடை கட்டுவார். ஆறு அப்படியே பூண்டுக்குள் போய்விடும். பொன்னுச்சாமியின் வயல் வீட்டுக்குக் கீழே இருக்கிறது. ஆகவே அவர் முறை நாளில் ஆறு வீட்டு வாசல் வழியாகச் சலசலத்துப் போகும். மேலே இருக்கிற சோலையம்மாளின் முறை நாளில் வாசலுக்கு வராது. சோலையம்மாளின் முறை, சனியும் ஞாயிறும்.

"சனி ஞாயித்துக்கெழமதான் உங்க ஆளுங்க வருவாங்க?"

"ஆமாங்க."

"உங்க முறை?"

"செவ்வா, பொதன்."

"இப்படியா முறை வச்சாங்க?"

பொன்னுச்சாமி வேட்டியை மடித்துக் கட்டினார். "முன்னாடி சனி ஞாயிறு எனக்குத்தாங்க இருந்துச்சு. நான் குதிர ஓட்டுனப்ப சனி ஞாயித்துலதான ஏவாரம்? அன்னைக்குத் தண்ணி பாய்ச்ச ஏது நேரம்? நானேதான் மாத்திக்குடுத்தேன்."

சுற்றுலாக்காரர்கள் வருகிற நாளில் ஆறு நமக்கு எதற்கு என்று ஆற்றைக் கொடுத்துவிட்டு, பிறகு சுற்றுலாக்காரர்களுக்கு ஆறு காட்டக் கடை திறந்த ஒரே மனிதர் இந்த மலையில் இவராகத்தான் இருப்பார். வேறு யாரும் இருந்தால் எழுதித் தெரிவிக்கலாம்.

"திருப்பி மாத்திக்க வேண்டியதுதானே?"

"சூடத்த அணைச்சுட்டேங்க."

கோணப்பாறையில் தண்ணி முறையை மாற்றினால் கன்னிமார் கல்லுக்கு முன்னால் சூடம் கொளுத்தி, மாற்றிக் கொடுப்பவர் அதை உள்ளங்கையால் அணைக்க வேண்டும். அணைத்துவிட்டால் முடிந்தது. 'இந்த ஆறு உள்ள வரைக்கும்' என்பது சத்தியத்தின் வாசகம். கோர்ட்டுக்குப் போனாலாவது வாய்தா வாங்கலாம். கன்னிமாரிடம் அதுவும் கிடையாது.

சோலையம்மாள் பூண்டு வயலில் மண்வெட்டியோடு நின்றார். பொன்னுச்சாமியின் பெரியப்பா மகனைக் கட்டியவர். அந்த முறையில் இவருக்கு மதினி. கால் நனைய, ஆறு முழுவதும் அவர் பாத்திகளுக்குள் சமர்த்தாக நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கத்தில் கேரட் குவியல், அலசுவதற்காக.

"மதினி" என்றார் பொன்னுச்சாமி, தேன் குழைத்து.

"யாரு, கொழுந்தனாரா? ஆறு வேணுமாக்கும்?"

"எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"செவ்வாக்கெழம எதுக்க வந்தா மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போவ. சனிக்கெழம 'மதினி'ன்னு வந்து நின்னா வேற என்னத்துக்கு? கூட யாரு, வக்கீலா?"

"பேப்பர்ல எழுதுறவரு மதினி."

"என்ன எழுதுவாரு?"

"இதத்தான்."

"இதையா? பாவம்." அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டார். "என்ன சேதி, வெரசாச் சொல்லு. சீரியலு போட்ருவான்."

"பழனியில இருந்து ஆளு வருது. ரெண்டு மணி நேரம் மடையத் தெறந்து விடுங்க."

"பழனிக்காரங்களுக்கு ஆறு புதுசாலே? அங்கதான் சண்முகநதி கெடக்கே. பூண்டு திரளுற நேரம் இது. உன் ஆளு கண்ணு குளுர என் பூண்டு காயணுமா?"

பொன்னுச்சாமி இதற்குத் தயாராக வந்திருந்தார். வழியெல்லாம் உதட்டை அசைத்துக்கொண்டே வந்தது இதற்குத்தான் போலிருக்கிறது.

"மதினி, ஒரு நியாயம் கேக்குறேன். 'இந்த ஆறு உள்ள வரைக்கும்'னு தான சத்தியம்? சனிக்கெழம என் வீட்டு வாசல்ல வந்து பாருங்க. ஆறு இல்ல. ஆறே இல்லாத நாளுக்குச் சத்தியம் எப்படிச் செல்லும்?"

சோலையம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தன் காலைச் சுட்டிக் காட்டினார்.

"இங்கன பாரு. என் காலுக்கடியில என்ன கெடக்கு? மோரா?"

வழக்கு தள்ளுபடி ஆயிற்று. பொன்னுச்சாமி தோள் தொங்கிவிட்டது. கடைசியில் உண்மையைச் சொன்னார்: "முருகேசு பூண்ட மாடிக்கு ஏத்திருவா மதினி. கட்டில வித்துருவாளாம்."

"ஏத்தட்டுமே. பூண்டுக்குத் தான கட்டுனது." சொல்லிவிட்டாரே தவிர, சோலையம்மாள் குரலில் ஏதோ ஒரு யோசனை நுழைந்துவிட்டது. "ஏன்லே, நெசமாவே அம்புட்டுத் தூரத்துல இருந்து ஆத்தப் பாக்க வாராங்களா?"

"வாராங்க மதினி."

"வந்து?"

"நாற்காலியில உக்காந்து பாப்பாங்க."

"பாத்துட்டு?"

"பாத்துக்கிட்டே இருப்பாங்க."

"குளிக்க மாட்டாங்க? துணி கிணி தொவைக்க?"

"இல்ல மதினி. சும்மா பாப்பாங்க."

சோலையம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, வயலுக்குள்ளேயே உட்கார்ந்து சிரித்தார். பூண்டுத்தாள்கள் எல்லாம் அவரோடு சேர்ந்து ஆடின. எழுந்தபோது தீர்ப்பு மாறியிருந்தது.

"சரி. ரெண்டு சீரியல். இப்ப ஒண்ணு ஆரம்பிக்கும், அடுத்தது ஒண்ணு. ரெண்டாவது முடிஞ்சு 'தொடரும்'னு போட்டதும் மடைய அடைச்சிருவேன்."

"விளம்பரத்தோட சேத்துத் தான மதினி?"

"விளம்பரத்தோட சேத்துத்தான். ஆனா கேட்டுக்க, இது கடன். தானம் இல்ல. எனக்குத் திரும்பி வரணும்."

"தந்துர்றேன் மதினி."

"பேப்பர்காரரே, நீங்க சாட்சி."

சாக்கைப் புரட்டிப் புல்கரணையைத் தள்ளினார். ஆறு ஒரு கணம் தயங்கியது. வெகுநாள் கழித்துப் பழைய வீட்டுக்கு வந்தவர் மாதிரி. பிறகு பள்ளம் பார்த்து இறங்கியது. நாங்களும் இறங்கினோம். ஆனால் நாங்கள் ஆற்றை முந்திவிட்டோம். காய்ந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் தன் பங்கைக் குடித்துவிட்டுத்தான் அடுத்த கல்லுக்கு விட்டது. பொன்னுச்சாமி திரும்பித் திரும்பிப் பார்த்து, மந்தையிலிருந்து பின்தங்கிய கன்றைக் கூப்பிடுவது மாதிரி, "வா, வா, வெரசா வா" என்று ஆற்றைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார்.

வீட்டுக்கு வந்தால் சண்முகராஜ் வந்துவிட்டார். அதே நீல நாற்காலி. மடியில் போன், விரல் ஒற்றை ஸ்டாருக்கு அருகில். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி சிவபாக்கியம், குடை விரித்து. நண்டு இன்னும் குடியிருந்தது.

"பொன்னுச்சாமி, ஆறு எங்கப்பா?"

மாடிப்படிக்குக் கீழே விதைப்பூண்டுக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு முருகேஸ்வரி தயாராக நின்றிருந்தார். கேள்வி காதில் விழுந்ததும் ஒரு படி ஏறினார்.

"வந்துக்கிட்டு இருக்குங்க" என்றார் பொன்னுச்சாமி, மூச்சு வாங்க.

"வந்துக்கிட்டு இருக்கா?"

"தைலமரத்துக்கிட்ட வந்திருக்கும். இப்ப வந்துரும்."

"என்னப்பா இது, பழனி பஸ்ஸு கெளம்பிருச்சுங்கிற மாதிரி சொல்ற. ஆறுன்னா இருக்கணும்ப்பா. வரக் கூடாது. ஏ சிவபாக்கியம், நீ எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கியா?"

"நம்ம வீட்டுக் கொழாயில அப்படித்தான வருது" என்றார் சிவபாக்கியம்.

"கொழாய் வேற, ஆறு வேற. ஆறு எங்கன்னு கேட்டா வருதுங்கிறாரு!"

முருகேஸ்வரி இன்னொரு படி.

பொன்னுச்சாமி காப்பி கொடுத்தார். காப்பி தீர்ந்தது. பூண்டு வடகம் கொடுத்தார். அதுவும் தீர்ந்தது. தூண் பாறைப் பழக்கத்தில், "அந்தக் கல்லுல இருந்து இந்தக் கல்லு வரைக்கும் தண்ணி இருக்கும்ங்க, நடுவுல சுழிச்சு ஓடும், தெரியுதுங்களா?" என்று ஆரம்பித்துப் பார்த்தார். சண்முகராஜுக்குத் தெரியவில்லை. சந்தன வியாபாரிகள் கண்ணால் பார்க்காததை எடைபோட மாட்டார்கள். "ஆறு எங்கய்யா?" என்றார், இந்த முறை 'ய்யா' போட்டு. முருகேஸ்வரி படிக்கட்டின் பாதியில் இருந்தார். பொன்னுச்சாமி மனைவியின் காலையும் ஆற்றின் வளைவையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. யாரோ பக்கத்து அறையில் அப்பளத்தை நொறுக்குவது மாதிரி. காய்ந்த சருகுகள்தான். வளைவில் ஒரு நாக்கு எட்டிப் பார்த்தது. நுரையும் சருகும் ஒரு பிஸ்கட் உறையும் சுமந்து, கற்களை முகர்ந்துகொண்டே முழங்காலாறு வந்தது.

சண்முகராஜ் எழுந்துவிட்டார். போன் மடியிலிருந்து விழுந்தது.

"அடியே சிவபாக்கியம்! ஆறு வருதுடி!"

ஆற்றங்கரை ஊரில் பிறந்து, வளர்ந்து, கடை வைத்து, பேரனும் எடுத்துவிட்ட மனிதர். ஆறு இருப்பதைப் பார்த்திருக்கிறார், இல்லாததையும் பார்த்திருக்கிறார், வருவதைப் பார்த்ததில்லை. செருப்பை உதறிவிட்டுப் படுகையில் இறங்கினார். தண்ணீரின் நுனிக்கு முன்னால், காவடிக்கு முன்னால் நடக்கிறவர்களைப் போல முகத்தை அதன் பக்கம் வைத்துப் பின்பக்கமாகவே நடந்தார். "வா... வா... இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று வழிகாட்டினார். ஆறு அவர் சொன்ன பக்கமெல்லாம் போனது. பள்ளமும் அந்தப் பக்கம்தான் இருந்தது என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

பின்னாலேயே நாலைந்து கேரட்டுகள் மிதந்து வந்தன. மேலே அலச வைத்திருந்த குவியலில் ஆறு கைவைத்திருக்கிறது. சிவபாக்கியம் குடையை மடக்கிவிட்டு அதன் வளைந்த பிடியால் ஒவ்வொன்றாக இழுத்து, துடைத்து, பையில் போட்டுக்கொண்டார். "ஏங்க, எல்லாருக்கும் தருவாங்களா?" என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன்.

தண்ணீர் கணுக்கால்வரை வந்து நிதானித்தது.

"முழங்காலாறுன்னாங்க?" என்றார் சண்முகராஜ், சந்தேகம் முற்றிலும் விட்டுப்போகாமல்.

"உக்காந்து பாருங்க. முழங்காலுக்கு வரும்" என்றார் பொன்னுச்சாமி.

அவர் ஆற்றுக்குள் உட்கார்ந்து முழங்காலை மடக்கினார். சரியாக வந்தது. திருப்தியாகத் தலையாட்டினார்.

எல்லாம் நல்லபடியாக இருந்தது, நேரத்தைத் தவிர. முதல் சீரியல் முடிந்திருக்கும். இரண்டாவதும் பாதி ஓடியிருக்கும். பழனிக்காரர் எழுந்திருக்கிற மாதிரி இல்லை. 'தொடரும்' போட்டுவிட்டால் ஆறு அவர் முழங்காலுக்கடியிலிருந்து நழுவிவிடும். பாதிப் படியில் நின்றிருந்த முருகேஸ்வரி பூண்டுக் கட்டை அந்தப் படியிலேயே இறக்கி வைத்துவிட்டுச் சட்னி அரைக்கப் போயிருந்தார். மிக்ஸி உறுமியது. பொன்னுச்சாமி விரலைக் கடித்துக்கொண்டு மேட்டைப் பார்த்தார்.

மிக்ஸி நின்றது.

"கரண்டு போச்சு!" என்று உள்ளிருந்து சலிப்பான குரல் வந்தது.

பொன்னுச்சாமியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. என் கையைப் பிடித்து அமுக்கினார். "மதினி வீட்டுலயும் இதே கம்பிதாங்க" என்றார், காதோடு.

சோலையம்மாள் சொன்ன சொல்லை மாற்றாதவர். 'தொடரும்' என்று போட்டால்தான் அடைப்பேன் என்று சொன்னவர், அது போடாமல் எப்படி அடைப்பார்? கறுத்துப் போன டி.வி.க்கு முன்னால் கொஞ்ச நேரம் நேர்மையாக உட்கார்ந்திருக்கிறார். பொழுது போகவில்லை. கொழுந்தன் சொன்னது ஞாபகம் வந்திருக்கிறது. மேட்டிலிருந்து இறங்கி நேராக வந்து, சண்முகராஜ் காலி செய்த நீல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன மதினி?" என்றார் பொன்னுச்சாமி.

"ஒண்ணும் இல்ல. ஆளு ஆத்தப் பாக்குறத பாக்க வந்தேன். நீ உன் சோலியப் பாரு."

சண்முகராஜ் ஆற்றைப் பார்த்தார். சோலையம்மாள் சண்முகராஜைப் பார்த்தார். முருகேஸ்வரி ஆளுக்கொரு காப்பி கொடுத்தார். தண்ணீர் கற்களிடம் என்னவோ சொல்லிக்கொண்டே போனது. தினமும் மண்வெட்டியால் மிரட்டி வேலை வாங்குகிற ஆற்றை சோலையம்மாள் முதன்முதலாகச் சும்மா பார்த்தார் என்று நினைக்கிறேன். ஒரு கட்டத்தில் தலையைச் சாய்த்து, "உக்காந்து பாத்தா நம்ம ஆறும் ஆறு மாதிரிதான்டி இருக்கு, முருகேசு" என்றார். உடனே கண்டிப்பான குரலில், "அந்தம்மா பையில இருக்கிறது என் கேரட்டு" என்று சேர்த்துக்கொண்டார். சிவபாக்கியம் பையை மடிக்குக் கீழே தள்ளிக்கொண்டார்.

வெயில் தைலமரத்துக்குப் பின்னால் போனபோது வீட்டுக்குள் பல்பு எரிந்தது. மிக்ஸி தானாகவே உறும ஆரம்பித்தது. சோலையம்மாள் துள்ளி எழுந்தார். "ஐயையோ, அந்தச் சீரியல் முடிஞ்சு வேற என்னமோ ஓடும் இப்ப!" சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேட்டில் ஏறினார். சற்று நேரத்தில் ஆறு இளைத்தது, சரடாயிற்று, சொட்டாயிற்று. நண்டின் வீட்டில் மட்டும் ஒரு சொம்பு மிஞ்சியது.

சண்முகராஜ் அதையும் எழுந்து நின்று வழியனுப்பினார். அன்றிரவே எழுதிவிட்டார், ஐந்து ஸ்டார்: 'ஆறு வந்ததையும் பார்த்தேன். போனதையும் பார்த்தேன். வேறெங்கும் இந்த வசதி இல்லை. கேரட் இலவசம்.'

மறுவாரம் மூஞ்சிக்கல் டீக்கடையில் வதந்தி குட்டிக்கரணம் போட்டிருந்தது. வில்பட்டிக்கு அப்பால் ஓர் ஆறு இருக்கிறதாம். ஆளைப் பார்த்தால்தான் வருமாம். கையில் கேரட் கொடுக்குமாம். மச்சினன் இதையும் கண்ணால் பார்த்திருக்கிறான்.

நான் மறுபடியும் போனேன். சாட்சியாயிற்றே. பொன்னுச்சாமி நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அடுத்த சனிக்கிழமைக்கு மூன்று குடும்பங்கள் கேட்கிறார்களாம். அறை இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆறு எத்தனை மணிக்கு வரும் என்றுதான் கேட்கிறார்கள்.

"மதினிகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். பழசக் குடுத்துட்டுப் புதுசு கேளுங்குறாங்க."

"குடுத்துர வேண்டியதுதானே?"

"போன செவ்வாக்கெழம என் முறை வந்ததும் நானே போயி, 'மதினி, ரெண்டு சீரியலுக்குத் தண்ணிய எடுத்துக்கங்க'ன்னேன். மாட்டேனுட்டாங்க. 'சனிக்கெழம தண்ணிக்குச் சனிக்கெழம தண்ணிதான்லே. செவ்வாக்கெழமத் தண்ணி வேற ருசி'ங்குறாங்க. சனிக்கெழமத் தண்ணிக்கு நான் எங்கன போவேன்? அது எல்லாம் அவங்ககிட்டல்ல இருக்கு?"

தவிர, கடன் எவ்வளவு என்பதிலும் தகராறு. ஒன்றரை சீரியல்தான் ஓடியது, அதுதான் கணக்கு என்கிறார் இவர். கரண்டு இல்லாத நேரத்திலும் ஆறு இறங்கியதா இல்லையா, அது யார் பூண்டின் வயிற்றில் அடித்த தண்ணீர் என்கிறார் அவர். கேரட் தனி. சாட்சி என்ற முறையில் என்னை இருவரும் கேட்டார்கள். இருவர் சொல்வதும் சரி என்றேன். அன்றைக்கு இருவரும் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். காப்பி மட்டும் வந்தது.

முருகேஸ்வரியின் பூண்டுக் கட்டு இன்னும் மாடிப்படியின் நடுவில்தான் இருக்கிறது. மேலே ஏற்ற அவருக்குக் காரணம் இல்லை; ஆறு வந்துவிட்டது. கீழே இறக்கவும் காரணம் இல்லை. அடுத்த சனிக்கிழமை வருமா என்று தெரியவில்லை. தங்க வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும்.

நான் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. ஆறு பொன்னுச்சாமியின் முறைப்படி வாசலில் சலசலத்துக்கொண்டிருந்தது. சோலையம்மாள் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, நீல நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்து, கையில் காப்பியோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடன் தீந்துருச்சாங்க?" என்று கேட்டேன்.

"இது வட்டிங்க" என்றார், ஆற்றிலிருந்து கண்ணை எடுக்காமல். "அசல் அப்படியே கெடக்கு."